ஏ ஷிப்டு சைக்கிளும் அதன் விளக்கும்

தை மாதத்தில் நம் பக்கத்தில் சூரியன் உதிக்க ஏறத்தாழ 6.30 மணி ஆகிறது. வைகாசி, ஆனி மாதங்களிலோ 5.45-க்கெல்லாம் உதயமாகிவிடுகிறது. தொழிற்சாலையின் கடிகாரத்துக்கு இந்த ருது பேதமெல்லாம் கிடையாது. காலை 6 மணிக்கு ஏ ஷிப்டு, பகல் 2 மணிக்கு பி ஷிப்டு, இரவு 10 மணிக்கு சி ஷிப்டு என்று நாளை மூன்று கூறாக வகுத்துக்கொண்டு, இரும்பை உருக்கியும் வார்த்தும் நீட்டியும் ஓயாமல் இயங்குகிற கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளுக்கு, புதுகும்மிடிப்பூண்டியிலிருந்தும் பெத்திக்குப்பத்திலிருந்தும் எளாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் சைக்கிளை மிதித்து வந்து சேருகிற தொழிலாளிக்கு, எந்த ஷிப்டானாலும் போகையிலோ வருகையிலோ ஒரு வழிப் பிரயாணமாவது இருட்டில் அமைந்தே தீருகிறது. அவர் ஒதுங்கி வருகிற அதே சாலையில்தான் கல்கத்தாவை நோக்கிச் செல்லும் லாரிகளும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் நெடிய டிரெய்லர்களும் வருகின்றன. நிரந்தர வேலைக்காரருக்குக் கம்பெனி பஸ் உண்டு. மோட்டார் சைக்கிள் வாங்கியவருக்குக் கவலை குறைவு. மிச்சம் இருப்பவர்கள் காண்டிராக்ட் ஆட்களும், ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களும், வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் தாய் தகப்பன்மாரும்.

இந்தப் பள்ளிக்கூடச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசு 2001-02-ல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்த இலவசச் சைக்கிள் திட்டம், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் செய்த உபகாரம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை படிப்பை முடித்த பிறகு அதே சைக்கிள் அந்தக் குடும்பத்தின் ஜீவனோபாய வாகனமாக ஆகிவிடுவதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பகலில் பள்ளிக்கூடம் போவதற்கென்று வந்த வண்டியாதலால் அதில் டைனமோ பூட்டி வருவதில்லை. சைக்கிள்களில் பூட்டும் ஒளி பிரதிபலிக்கும் வில்லைகளுக்குத் தரம் நிர்ணயித்து மத்திய அரசு 2020-ல் ஓர் ஆணை பிறப்பித்தது நல்ல காரியந்தான். ஆனால் அந்த வில்லைக்குச் சுயப்பிரகாசம் கிடையாது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் அதன்மேல் நேராக விழுந்தால்தான் அது கண் விழிக்கும். வளைவில் திரும்பி வரும் லாரிக்கும், ஒற்றை விளக்கோடு ஓடும் டிராக்டருக்கும் அதை நம்பிப் பயனில்லை.

விளக்கில்லாத சைக்கிளைச் சட்டம் முற்காலத்தில் இவ்வளவு அலட்சியமாக விட்டதில்லை. எண்ணெய் விளக்கும், கால்சியம் கார்பைடின்மேல் தண்ணீர்த் துளி சொட்டி அசிட்டிலின் வாயுவை எழுப்பி எரியவிடும் கார்பைடு விளக்கும் இருந்த நாளிலிருந்தே, இருட்டியபின் விளக்கில்லாமல் ஓட்டியவரைப் போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட கதைகளை வயதானவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பின்பு வந்தது டைனமோ. 1949-ல் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்தது, அதன் சகோதர ஸ்தாபனமான டி.ஐ. மில்லர் சைக்கிளுக்கு வேண்டிய டைனமோ விளக்குகளைச் செய்தது. ஆக, பிற்பாடு 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் என்று பெயர் பெற்ற இந்தப் பிரதேசம் சைக்கிளையும் அதன் வெளிச்சத்தையும் நாட்டுக்கு வழங்கியதில் பங்குகொண்ட பிரதேசம். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் அந்தக் குப்பி வடிவ யந்திரம் 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தரும், முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். அதற்காகக் காலிலிருந்து அது வசூலிக்கும் உழைப்பு இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மழையில் டயர் நனைந்தால் வழுக்கும். கேட்டருகே வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். இறக்கத்தில் வேகம் கூடினால் பல்பு தீய்ந்துபோகும். இத்தனை குற்றங்களுக்கும் நடுவே அதற்கு ஒரு குணம் இருந்தது: நேற்றிரவு என்ன செய்தாய் என்று அது யாரையும் கேட்டதில்லை. மிதித்தால் எரிந்தது.

அந்த இடத்தை இப்போது சார்ஜ் ஏற்றும் விளக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. 1991-ல் ஸோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியும், ஜப்பானில் ஷூஜி நாகமுரா 1993-ல் பிரகாசமாக எரியச் செய்த நீல எல்.இ.டி.யின் வழியே பிறந்த வெண்ணொளியும் கூடிப் பெற்ற குழந்தை இது. நீல ஒளிக்கு 2014-லும் பேட்டரிக்கு 2019-லும் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்தே இதன் வமிசப் பெருமை விளங்கும். உள்ளங்கையில் அடங்கும் விளக்கு, பழைய டைனமோ பல்பைவிடப் பன்மடங்கு பிரகாசமாக, நின்றாலும் அணையாமல், காலுக்குச் சுமையேற்றாமல் எரிகிறது. காலுக்குச் சுமை போனது வாஸ்தவம்; அந்தச் சுமை ஞாபகத்தின் தலையில் ஏறிவிட்டது என்பதைத்தான் விளக்கு விற்பவர் சொல்வதில்லை. இரவு 10 மணிக்கு பி ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டிப் பெரியவர், "லைட்டு எங்கப்பா?" என்று கேட்டால், "சார்ஜ் போட மறந்துட்டேண்ணே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். விளக்கு வாங்கப் பணமில்லாமல் இருட்டில் போகிறவரைவிட, வாங்கிய விளக்கு உயிரற்றுக் கிடக்க இருட்டில் போகிறவரே இப்போது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மின்சாரப் பஞ்சம் காரணமென்று சொல்லவும் வழியில்லை. இதே மாவட்டத்தில், மீஞ்சூருக்கு அருகே, வல்லூர் அனல் மின் நிலையம் ஒன்றே 1500 மெகாவாட் திறனுள்ளது. சாதாரண சைக்கிள் விளக்கு சார்ஜ் ஏறும்போது 2.5 வாட் அளவுக்கு இழுக்கிறதென்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிலையத்தின் முழுத் திறனில் 60 கோடி விளக்குகளுக்கு ஒரே சமயத்தில் சார்ஜ் போடலாம். வீட்டுக் கணக்காகவே பார்ப்போம்: 1200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியுள்ள முன்விளக்கு ஒன்று முழுக்க நிரம்ப 4.4 வாட் மணி வேண்டும். சார்ஜரிலும் கேபிளிலும் விரயமாவதைச் சேர்த்தாலும் 6 வாட் மணியைத் தாண்டாது. ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஆகவே ஒரே யூனிட்டில் 150 தடவைக்குக் குறையாமல் அந்த விளக்கை நிரப்பிவிடலாம். பஞ்சம் பிளக் பாயிண்டுக்குத்தான். எட்டுப் பேர் தங்கும் தகரக் கூரை அறையில் சுவரில் இருப்பது இரண்டு பிளக். ஊரிலுள்ள மனைவியோடும் குழந்தையோடும் பேசவேண்டிய எட்டுப் போன்கள் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. அந்தப் போட்டியில் சைக்கிள் விளக்கு ஒருநாளும் ஜயிக்காது. போன் தன் உயிர் போவதற்கு முன்னால் முகப்பில் எண்ணைக் காட்டி எச்சரிக்கிறது, சத்தமிடுகிறது. விளக்கோ சைக்கிளின் ஹேண்டிலில் வெளியே வாய்மூடிக் கிடக்கிறது. கடைசியில் அந்தப் போனையே சட்டைப் பையில் டார்ச்சை எரியவிட்டுச் செருகிக்கொண்டு, கொஞ்சம் வெளிச்சம் வந்தால் போதுமென்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது எதிரில் வருகிறவனுக்குத் தெரியலாம். பின்னால் வருகிற டிரெய்லருக்குத் தெரியாது.

ஆகவே தினந்தோறும் சார்ஜ் போடவேண்டும் என்று உபதேசம் செய்வதில் பிரயோஜனமில்லை. தினந்தோறும் போடவேண்டிய அவசியமே இல்லாதபடி கணக்குப் பண்ணிக்கொள்வதுதான் யுக்தி. விளக்குப் பெட்டியின்மேல் 400 லூமன், 600 லூமன் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச நிலை வெளிச்சம். எல்.இ.டி. சுமாராக வாட்டுக்கு 100 லூமன் தருமாகையால், 400 லூமனில் எரிக்கும்போது 4 வாட் செலவாகி, மேலே சொன்ன 4.4 வாட் மணி பேட்டரி ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். அதையே கீழ்நிலையில், 100 லூமனில் எரித்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். தெருவிளக்குள்ள சிப்காட் சாலைக்கு 100 லூமன் தாராளம். மாதர்பாக்கம் போகும் சாலை போன்ற கிராமத்து இருட்டிலும், மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, குண்டும் குழியும் தெரிய அது பெரும்பாலும் போதும். வீட்டிலிருந்து ஆலைக்கு 6 கிலோமீட்டர் என்றால் ஒரு வழிக்கு அரை மணியும் ஆகாது. ஏ ஷிப்டுக்காரருக்குக் காலையில் மட்டும் விளக்கு வேண்டும், பி ஷிப்டுக்காரருக்கு இரவில் மட்டும். ஆறு வேலை நாளுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். ஒருமுறை நிரப்பினால் வாரம் முழுவதும் ஓடிவிடும். மார்கழி, தை மாதங்களில் சி ஷிப்டு பார்ப்பவருக்கு மட்டும், காலை 6 மணிக்கு வெளியே வரும்போதும் இருட்டாக இருப்பதால், இரண்டு வழிக்கும் எரித்து வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பவேண்டி வரும். பின்விளக்கு இன்னும் சிக்கனமானது. 500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியே அதற்கு ஆறு மணி நேரம் காணும்.

இந்தக் கணக்கு கைவசமிருந்தால் ஒரு சுலபமான கிரமம் பிறக்கிறது. ஷிப்டு வாரந்தோறும் மாறுகிறது. மாறுகிற நாளை எந்தத் தொழிலாளியும் மறப்பதில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தூக்கமே தலைகீழாகிறது. வார ஓய்வன்று துணி துவைக்கும்போதோ, செயினுக்கு எண்ணெய் போட்டு டயருக்குக் காற்றடிக்கும்போதோ, இரண்டு விளக்கையும் கழற்றிப் பகலில் பிளக்கில் மாட்டிவிட்டால், அந்த நேரத்தில் போன்களின் நெருக்கடியும் குறைவாக இருக்கும்.

லித்தியம் பேட்டரியின் ஸ்வபாவத்தைப் பற்றி நம் ஜனங்களிடையே உலவும் சில அபிப்பிராயங்கள் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியின் காலத்தவை. சார்ஜ் முழுவதும் இறங்கியபின்தான் மறுபடி போடவேண்டும் என்பது அவற்றில் தலையாயது. லித்தியத்துக்கு அது உதவாததோடு கெடுதலும் செய்யும். பாதியிருக்கும்போதே போடலாம், போடுவதே நல்லது. ஒரு செல் முழுக்க நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். பிறகு நெடுநேரம் 3.7 வோல்ட்டைச் சுற்றியே நின்றுவிட்டு, கடைசியில் மளமளவென்று சரிந்து 3 வோல்ட்டுக்குப் போய்விடும். வோல்ட்டை மட்டும் பார்த்து நிறம் மாறும் மலிவான விளக்குகளின் பச்சைப் புள்ளி அதனால்தான் நாலு நாள் பச்சையாகவே இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் சிவப்பாகிய கால் மணியில் கழுத்தை அறுக்கிறது. முழுக்கத் தீர்ந்த விளக்கை அப்படியே பரண்மேல் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் அது மறுபடி உயிர்பெறாமலே போகலாம்; ஊருக்குப் போகிறவர் பாதியளவு நிரப்பி வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

அதன் பெரிய சத்துரு உஷ்ணம். இந்த மாவட்டத்துத் திருத்தணி, கத்திரி வெயில் காலத்துப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் இடம்பெறும் ஊர். நிழலிலேயே 42, 43 டிகிரி தொடுகிற நாளில், கூரையில்லாத ஸ்டாண்டில் எட்டு மணி நேரம் ஹேண்டிலோடு காயும் கறுப்புப் பிளாஸ்டிக் விளக்கின் உள்ளே எவ்வளவு இருக்குமென்று யோசித்துப் பாருங்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றலாகாது என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. சும்மா வைத்திருந்தாலும் நிறைந்த சார்ஜும் நிறைந்த சூடும் சேர்ந்தால் ஆயுள் குறையும். கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டால் வெயிலும் படாது, திருடும் போகாது. ஆனால் பைக்குள் டிபன் டப்பாவின் விளிம்பு பொத்தானில் அழுந்தி, ஷிப்டு முழுவதும் விளக்கு சோற்றுப் பைக்குள்ளேயே எரிந்து தீர்ந்துபோவது சாமானியமாக நடக்கிற விஷயம். பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பல விளக்குகளில் உண்டு. அது இல்லாத விளக்கைத் துணியில் சுற்றித் தனியறையில் வைக்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொல்லை வேறு விதம். சார்ஜ் போடும் துவாரத்தை மூடும் ரப்பர் நாக்கு ஒரு வருஷத்தில் தளர்ந்துவிடும். அதன் வழியே மழை ஜலமும், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வீசும் உப்புக் காற்றின் ஈரமும் உள்ளே புகுந்து, பித்தளைப் பற்களில் பச்சைக் களிம்பு ஏறும். நனைந்த விளக்கை வந்ததும் வராததுமாகப் பிளக்கில் மாட்டாமல், துடைத்து, துவாரம் கீழ்நோக்கும்படி கவிழ்த்து உலரவிட்டு மறுநாள் போடுவது இதற்குப் பரிகாரம். புது விளக்குகளில் வரும் டைப் சி துவாரத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. இரு முனையும் சி வடிவமாயுள்ள போன் கேபிளை மாட்டினால் சில மலிவு விளக்குகள் சார்ஜே ஏற்பதில்லை. விளக்கு கெட்டுவிட்டதென்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்த வகைச் சார்ஜர், எதிர்ப்புறத்தில் இருக்கவேண்டிய ஒரு சிறு மின்தடையைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டால்தான் மின்சாரம் விடும். காசை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளர் அந்தத் தடையை வைக்காமல் விட்டிருப்பார். ஒரு முனை பழைய அகன்ற யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளால் போட்டால் அதே விளக்கு சமர்த்தாக ஏற்றுக்கொள்ளும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியதும் ஒன்று உண்டு. 18650 என்று பேர்போன, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைச் செல்லை மாற்றிப் போட்டுக்கொள்ளும் விளக்குகள் நல்லவை. ஒன்று எரியும்போது மற்றொன்று நிரம்பும். ஆனால் சந்தையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று மேலே அச்சிட்டுச் சில செல்கள் விற்கின்றன. அந்த அளவுள்ள உருளையில் உலகின் பெரிய கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் அடைக்கின்றன. 9900 என்று எழுதியவன் கையில் பேனா இருந்தது, அவ்வளவுதான். சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது நலம். எந்தச் சார்ஜரானாலும் தலையணைக்கடியிலோ பாயின்மேலோ விளக்கை வைத்து ஏற்றாமல் வெறும் சிமெண்டுத் தரையில் வைப்பது அதைவிட நலம்.

முன்விளக்கையும் பின்விளக்கையும் சேர்ந்தாற்போல் வாங்கக் கையில் பணமில்லையென்றால் எதை முதலில் வாங்குவது? தயக்கமின்றிப் பின்விளக்கைத்தான் சொல்வேன். எதிரில் வருவது நம் கண்ணில் படுகிறது, ஒதுங்கிக்கொள்கிறோம். முதுகுக்குப் பின்னால் வருவதற்கு நாம் கண்ணில் படவேண்டும். அதை கேரியருக்குக் கீழே, மட்கார்டில், தொங்கும் சாப்பாட்டுப் பை மறைக்காத இடத்தில் கட்டவேண்டும். முன்விளக்கை மின்னி மின்னி எரியும் நிலையில் வைப்பதும், வானத்தைப் பார்க்கத் தூக்கி வைப்பதும் எதிரில் வரும் இன்னொரு சைக்கிள்காரரைக் குருடாக்கும் காரியங்கள்.

தொழிலாளியின் ஞாபகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. அவர் எட்டு மணி நேரம் ஓரிடத்தில் இருக்கிறார். விளக்கு நிரம்புவதற்கு வேண்டியது இரண்டு மணி நேரம். தீப்பற்றும் வாயுவும் திரவமும் புழங்கும் கூடங்களுக்குள் இதையெல்லாம் கொண்டுபோகக் கூடாதென்பது சரியே. ஆனால் கேட்டருகே செக்யூரிட்டி அறைச் சுவரிலோ, கேண்டீன் தாழ்வாரத்திலோ, பலகையில் வரிசையாகப் பத்து யு.எஸ்.பி. துவாரம் அமைத்து, ஸ்டாண்டில் சைக்கிளுக்குக் கொடுக்கும் டோக்கன் போல விளக்குக்கும் ஒரு டோக்கன் கொடுத்துவிட்டால், பத்து விளக்கும் சேர்ந்து இழுப்பது 25 வாட். கேண்டீனில் சுற்றும் ஒரு மின்விசிறிக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது. காக்களூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளானாலும் தேர்வாய் கண்டிகையின் பெரிய டயர் ஆலையானாலும் கட்டுபடியாகாத காரியமல்ல. பாதுகாப்பு வாரம் கொண்டாடி ஹெல்மெட்டைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தும் நிர்வாகங்கள், தங்கள் கேட்டுக்கு வெளியே தொடங்கும் இருட்டையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வீசியபோது இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவிளக்கும் இல்லாத, மரம் விழுந்து கிடக்கும் சாலையில் சைக்கிள் விளக்கு மிகவும் தேவைப்படுகிற அந்த நாட்களில்தான் அதை நிரப்ப வழியிருக்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே, குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் கையோடு, விளக்குகளையும் ஒரு பவர் பேங்க்கையும் நிரப்பி வைத்துவிடவேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று, விரயம் போக, மேலே சொன்ன முன்விளக்கை ஐந்து முறையாவது நிரப்பும்.

இவ்வளவு தந்திரமும் ஒத்துவராத சிலர் இருப்பார்கள். பிளக்கே கிடைக்காதவர், எதையும் மறப்பதே பிறவிக் குணமானவர். ஜெர்மனியில் சைக்கிளுக்கு டைனமோ விளக்குதான் வேண்டும் என்று சட்டம் பிடிவாதமாக இருந்து, 2013-ல்தான் பேட்டரி விளக்கையும் அனுமதித்தது. அந்தப் பிடிவாதத்தில் மனித சுபாவத்தைப் பற்றிய ஞானம் இருந்ததென்றே நினைக்கிறேன். இப்போது டைனமோவோடு சேர்த்து வரும் எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில், ஓடும்போது மின்சாரத்தைச் சிறிது சேமித்து, வண்டி நின்றபின்னும் சில நிமிஷம் எரியச் செய்யும் மின்தேக்கி இருக்கிறது. நின்றால் அணையும் என்ற பழைய குறை அதில் இல்லை. நம் ஊர்ப் பழைய சைக்கிள் கடைகளில் தூசி படிந்து கிடக்கும் குப்பி டைனமோவுக்கும் அப்படிப்பட்ட எல்.இ.டி. விளக்கைப் பொருத்தலாம், வாங்குகிறவர் அது 6 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கென்று செய்த விளக்குதானா என்று கேட்டுக்கொண்டால் போதும், ஏனென்றால் சாதாரண பேட்டரி விளக்கை நேரே அதில் இணைத்தால் முதல் நாளே போய்விடும்.